11 டப்பாக்களும் ஒரு நாற்காலியும்: பக்கவாதத்துக்குப் பின் தசையை மீட்ட ஒரு நிகழ்வு ஆய்வு

அவர் முதல் நாள் வந்தபோது மனைவியின் கையில் ஒரு துணிப்பை இருந்தது. ரிப்போர்ட் எல்லாம் இருக்கும் என்று நினைத்தேன். பையைத் திறந்து மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். மொத்தம் 11 டப்பாக்கள். மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, ஜிங்கோ, சிட்டிகோலின், பி12, மல்டிவைட்டமின், கால்சியம், கோஎன்சைம் க்யூ10, பிசிஏஏ, கிரியேட்டின், அப்புறம் சீல் கூடப் பிரிக்காத ஒரு புரோட்டீன் பவுடர்.

"தம்பி, நரம்புக்கு ஒண்ணு, மூளைக்கு ஒண்ணு, எலும்புக்கு ஒண்ணுன்னு வாங்கி வச்சிருக்கோம். எதை விட்டாலும் பயமா இருக்கு" என்றார் அந்த அம்மா.

நான் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவர்களோடுதான் என் வேலை நாளில் பெரும்பகுதி கழிகிறது. இந்த ஒருவரைப் பற்றி விரிவாக எழுதக் காரணம், அவருடைய தசை கரைந்ததற்கும் அந்தப் பைக்கும் நேரடித் தொடர்பு இருந்தது, அது எங்களுக்குத் தெரியவே மூன்று வாரம் ஆனது. குடும்பத்தின் அனுமதியோடு, அடையாளம் தெரியக்கூடியவற்றை மாற்றி எழுதுகிறேன்.

நோயாளிக்கு வயது 61. இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் போகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தது. அதிலிருந்து கிளம்பிய ரத்தக்கட்டி மூளையின் இடப்பக்க ரத்தக்குழாயை அடைத்துவிட்டது. வலது கை, வலது கால் பலவீனம், பேச்சில் தடுமாற்றம். என்னிடம் வந்தபோது நான்கு மாதம் முடிந்திருந்தது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுத்துக்கொண்டிருந்தார். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும், ஆனால் கடந்த சில பரிசோதனைகளில் 1.4-இலிருந்து 3.9 வரை ஊசலாடியிருந்தது. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை.

பக்கவாதத்துக்கு முன் எடை 71 கிலோ, வந்த அன்று 62. கெண்டைக்கால் சுற்றளவு இடது 31.5 செ.மீ., வலது 30. கைப்பிடி வலு இடது 22 கிலோ, வலது 5. இந்த எண்களில் என் கண் நின்றது இடது பக்கத்தில்தான். ஆசிய சார்கோபீனியா (தசை இழப்பு) குழு 2019-இல் தந்த வரையறைப்படி ஆண்களுக்குக் கைப்பிடி 28 கிலோவுக்குக் கீழேயும் கெண்டைக்கால் 34 செ.மீ.-க்குக் கீழேயும் இருந்தால் தசை இழப்பைச் சந்தேகிக்க வேண்டும். அவருடைய 'நல்ல' பக்கமே அதற்குக் கீழே கிடந்தது. வலது பக்கம் பலவீனமானதற்கு மூளை காரணம், சரி. இடது பக்கம் கரைந்ததற்கு?

நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 31 விநாடி, அதுவும் இடது கையை ஊன்றி. நடை வேகம் விநாடிக்கு 0.38 மீட்டர். 0.4-க்குக் கீழே என்றால் பொதுவாக வீட்டுக்குள் மட்டும் நடமாடக்கூடிய நிலை.

அன்றே இன்னொன்றும் செய்தேன். எடை பார்க்கும் இரண்டு மெஷின்களை நாற்காலிக்கு முன் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பாதம் வைத்து எழச் சொன்னேன். எழுந்து நின்றதும் இடது மெஷின் 45 காட்டியது, வலது 17. மனைவி அதைப் பார்த்துவிட்டு, "வலது கால்ல நிக்கவே இல்லையா இவர்?" என்று கேட்டார். இல்லை. நான்கு மாதமாக ஒரே காலில்தான் எழுந்து கொண்டிருந்தார். வலது காலுக்கு எழும் வலு கொஞ்சம் இருந்தும் அதற்கு வேலையே வரவில்லை.

பயிற்சிக்கு முன்னால் பார்க்க வேண்டியவை இரண்டு இருந்தன. முதலாவது விழுங்குதல். ஒரு வாய் தண்ணீர் குடித்ததும் "ஆ" என்று சொல்லச் சொன்னேன், குரல் ஈரமாகக் கரகரத்தது. கொஞ்ச நேரம் கழித்து இருமினார். தண்ணீர் மூச்சுக்குழாய் பக்கம் போகிறதோ என்ற சந்தேகத்துக்கு இது போதும். உடனே பேச்சு மற்றும் விழுங்குதல் சிகிச்சையாளரிடம் அனுப்பினேன். நீர்த்த பானங்களைக் கெட்டிப்படுத்தித்தான் தரவேண்டும் என்று சொன்னார். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், எத்தனையோ வீடுகளில் 'சத்துக்கு' என்று தண்ணீராகக் கலக்கிய பவுடரை நாளுக்கு இரண்டு டம்ளர் கொடுக்கிறார்கள், அது நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரலாம். எந்தப் பவுடர் நல்லது என்று கேட்பதற்கு முன் விழுங்குதல் சரியா என்று பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது, உண்மையில் எவ்வளவு சாப்பிடுகிறார் என்பது. மூன்று நாள் எழுதி வைக்கச் சொன்னோம். உணவியல் நிபுணர் கணக்குப் போட்டார், நாளுக்கு 38 கிராம் புரதம் வந்தது. எடைக்குப் பார்த்தால் கிலோவுக்கு 0.6 கிராம். ஆரோக்கியமான முதியவர்களுக்கே கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்றும், நோயிலிருந்து மீள்பவர்களுக்கு 1.2 முதல் 1.5 வரை தேவைப்படலாம் என்றும் 2013-இல் வந்த ப்ராட்-ஏஜ் பரிந்துரை சொல்கிறது. இவர் பாதியில் நின்றார்.

இவ்வளவு குறைவாக ஏன் என்று கேட்டபோதுதான் கதை திரும்பியது. "புரதம் குறைக்கச் சொல்லிட்டாங்க தம்பி. கிரியேட்டினின் ஏறிடுச்சு, கிட்னி பத்திரம்னு." அதனால்தான் அந்தப் புரோட்டீன் பவுடரின் சீலே பிரிக்கப்படவில்லை. கிரியேட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ரத்தத்தில் அளப்பது. பழைய ரிப்போர்ட்டில் அது 0.9. இரண்டு மாதம் கழித்து 1.4. தசை இவ்வளவு கரைந்த ஒருவருக்கு இந்த எண் இறங்கியிருக்க வேண்டும், ஏறியிருக்கிறது. எனக்கு அது உறுத்தியது, ஆனால் காரணம் உடனே பிடிபடவில்லை. மூன்றாவது வாரம்தான், 11 டப்பாக்களில் எதை எப்போது எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதும்போது, கிரியேட்டின் காலையில் இரண்டு கரண்டி, இரவில் இரண்டு கரண்டி போவது தெரிந்தது. மகன் ஜிம்மில் எடுப்பவர், அப்பாவுக்கும் தசை ஏறட்டும் என்று ஆசையாக வாங்கித் தந்திருக்கிறார்.

கிரியேட்டின் உடலில் சிதைந்து கிரியேட்டினினாகத்தான் வெளியேறும். அதிகமாகச் சாப்பிட்டால் ரத்தத்தில் கிரியேட்டினின் கூடும், சிறுநீரகம் முழுசாக வேலை செய்துகொண்டிருந்தாலும் கூடும். சோதனை எண்ணை மட்டும் பார்க்கிற மருத்துவருக்கு அது சிறுநீரகக் கோளாறாகத்தான் தெரியும், அவர் மேல் தப்பே இல்லை, இந்த டப்பா இருப்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. இப்போதைய மருத்துவரிடம் பையோடு அனுப்பினோம். அவர் சிஸ்டாட்டின் சி பார்க்கச் சொன்னார், அது சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும், ஆனால் தசையையோ கிரியேட்டினையோ அவ்வளவாகச் சார்ந்து மாறாத அளவீடு. நார்மல். கிரியேட்டினை நிறுத்தி ஐந்து வாரத்தில் கிரியேட்டினின் 1.0-க்கு வந்தது.

அதாவது, தசைக்கென்று வாங்கிய ஒரு பவுடரால் ஒரு எண் ஏறி, அந்த எண்ணால் புரதம் குறைந்து, புரதம் குறைந்ததால் தசை கரைந்தது. கரைந்ததற்கு இது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், படுக்கையும் பசியின்மையும் சேர்ந்துதான் இருக்கும். ஆரோக்கியமான முதியவர்களை 10 நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த, 2007-இல் வெளியான ஒரு ஆய்விலேயே கால்களில் ஏறத்தாழ ஒரு கிலோ தசைத்திசு போயிருக்கிறது. இவர் மருத்துவமனையில் படுத்திருந்தது அதைவிட அதிகம்.

மற்ற டப்பாக்களை மருத்துவரோடு உட்கார்ந்து பிரித்தோம். நான் தனியாக எதையும் நிறுத்தச் சொல்லவில்லை, அது என் வேலையும் இல்லை.

வைட்டமின் ஈ முதலில் போனது. 2010-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், வைட்டமின் ஈ எடுத்தவர்களுக்கு மூளை ரத்தக்கசிவு வகை பக்கவாதம் 22 சதவீதம் கூடுதலாக வந்திருந்தது, அடைப்பு வகை 10 சதவீதம் குறைந்திருந்தது. வார்ஃபரினில் இருப்பவருக்கு இந்தப் பேரம் வேண்டவே வேண்டாம். ஜிங்கோ, மீன் எண்ணெய் இரண்டையும் ரத்தப்போக்கு எச்சரிக்கையால் நிறுத்தினார். கோஎன்சைம் க்யூ10-இன் வேதி அமைப்பு ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-யை ஒத்தது, வார்ஃபரினின் வேலையைக் குறைத்ததாகப் பதிவுகள் உண்டு. மல்டிவைட்டமினில் வைட்டமின் கே-யே இருந்தது, அதையும் ஞாபகம் வந்த நாளில் மட்டும் போட்டிருக்கிறார்கள். ஐ.என்.ஆர். ஊசலாடியதன் ரகசியம் பெரும்பாலும் இங்கேதான். இவை நின்ற பிறகு மூன்று பரிசோதனைகளும் 2.2-க்கும் 2.8-க்கும் இடையில் வந்தன.

சிட்டிகோலின் விஷயத்தில் அம்மாவுக்கு மனசே வரவில்லை, அதுதான் 'மூளைக்கு'. 2012-இல் வெளியான இக்டஸ் ஆய்வில் 2,298 நோயாளிகளுக்கு அடைப்பு வந்தவுடனேயே கொடுத்துப் பார்த்தும் வெறும் மாத்திரையைவிட மேலான பலன் கிடைக்கவில்லை என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். பி12 அளவு ரத்தத்தில் போதுமாக இருந்தது, நிறுத்தினார். பி12-ஐப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். பக்கவாதம் வந்தவர்களுக்கு ஃபோலேட்டும் மெக்கோபாலமினும் (பி12-இன் ஒரு வடிவம்) கொடுத்தால் இடுப்பு எலும்பு முறிவு வெகுவாகக் குறையும் என்று 2005-இல் ஜாமா இதழில் ஒரு ஜப்பானிய ஆய்வு வந்தது. அதை நம்பி எத்தனை பேர் மருந்துச்சீட்டு எழுதியிருப்பார்கள்! 2016-இல் அந்தக் கட்டுரையை இதழே திரும்பப் பெற்றது, ஆய்வில் முறைகேடு. நான் படித்த காலத்துக் குறிப்பேட்டிலும் அந்த ஆய்வு இருந்தது என்பதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

பிசிஏஏ என்பது புரதத்தின் துண்டுகளான அமினோ அமிலங்களில் மூன்றே மூன்று, தசை கட்ட மீதி அத்தியாவசிய அமிலங்களும் வேண்டும். உணவிலேயே போதும் என்று கால்சியமும் போனது. வைட்டமின் டி மட்டும், பையில் இல்லாத ஒன்று, ரத்தத்தில் மி.லி.-க்கு 11 நானோகிராம்தான் இருந்தது. அதை மருத்துவர் புதிதாக எழுதினார்.

ஆக மிஞ்சியது அந்தச் சீல் பிரிக்காத புரோட்டீன் பவுடர். அதையும் எல்லாருக்கும் கொடு என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஃபுட் என்ற பெரிய ஆய்வு 2005-இல் வந்தது, 4,023 பக்கவாத நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரி உணவோடு ஊட்டச்சத்துப் பானம் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள், உயிர்பிழைப்பதிலோ செயல்திறனிலோ சொல்லும்படி மாற்றமில்லை. ஆனால் அதில் ஊட்டக்குறைவோடு இருந்தவர்கள் 8 சதவீதம்தான். நிறைந்த பாத்திரத்தில் ஊற்றினால் வழியத்தான் செய்யும். இவர் பாத்திரம் பாதி காலி. இன்னொரு பக்கம், தசை இழப்போடு இருந்த 44 பக்கவாத நோயாளிகளுக்கு ஜப்பானில் எட்டு வாரம் வலுப்பயிற்சியோடு லூசின் மிகுந்த அமினோ அமிலம் கொடுத்துப் பார்த்து 2019-இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், கைப்பிடி வலு, தசை அளவு, அன்றாடச் செயல்திறன் மூன்றும் ஒப்பீட்டுக் குழுவைவிட நன்றாக ஏறின. சிறிய ஆய்வுதான். ஆனால் அதில் இருந்தவர்கள் இவர் மாதிரியானவர்கள், பயிற்சியும் கூடவே இருந்தது, எனக்கு அந்த இரண்டும்தான் முக்கியமாகப் பட்டது.

இலக்கு நாளுக்கு 75 முதல் 80 கிராம் புரதம், மூன்று வேளையும் ஏறத்தாழ 25 கிராம் வருமாறு பிரித்து. ஒரே வேளையில் கொட்டினால் பலன் குறையலாம். முட்டை, பால், பருப்பு என்று சாப்பாட்டிலேயே 55 கிராம் வரை ஏற்றிவிட்டார் உணவியல் நிபுணர். மீதிக்குப் பவுடர், கெட்டியான பதத்தில், கரண்டியால்.

இங்கே ஒரு சறுக்கல். மாலை ஆறு மணிக்குப் பவுடர் கொடுத்தார்கள், ஏழரைக்கு இரவுச் சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டார். இரண்டு வாரம் கழித்துக் கணக்குப் பார்த்தால் மொத்தப் புரதம் வெறும் 6 கிராம்தான் கூடியிருந்தது! பவுடர் சாப்பாட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பயிற்சி முடிந்த உடனே பாதி, தூங்கப் போகும் முன் பாதி என்று மாற்றினோம், அதன் பிறகுதான் எடை அசைந்தது.

சரி, பயிற்சி. எங்கள் துறையில் நெடுங்காலம் ஒரு பயம் இருந்தது. பக்கவாதம் வந்த கைகால்களுக்குப் பாரம் கொடுத்தால் இறுக்கம் கூடிவிடும் என்பது. பிசியோதெரபிஸ்ட் பெர்டா போபாத் வழிவந்த சிகிச்சைமுறையில் பலரும் இதை நம்பினார்கள். ஆஸ்திரேலியாவின் லூயிஸ் அடாவும் உடன் ஆய்வாளர்களும் 2006-இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, வலுப்பயிற்சியால் வலு கூடுகிறது, செயல்பாடும் ஓரளவு மேம்படுகிறது, இறுக்கம் கூடவில்லை என்று காட்டினார்கள். அமெரிக்க இதய சங்கத்தின் 2014 பரிந்துரை வாரத்துக்கு 2 முதல் 3 நாள், 10 முதல் 15 முறை, 1 முதல் 3 சுற்று, ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய அதிகபட்சப் பாரத்தில் 50 முதல் 80 சதவீதம் என்கிறது. இது நிலைமை சீரான பிறகு. முதல் நாளே கட்டிலிலிருந்து இழுத்து இறக்குவது வேறு விஷயம். 2015-இல் வந்த அவெர்ட் ஆய்வில் 2,104 பேரில், 24 மணி நேரத்துக்குள் தொடங்கி அடிக்கடி எழுப்பி நடமாட வைத்த குழுவுக்கு நல்ல முடிவு குறைவாகத்தான் கிடைத்தது. நம்மவர் ஐந்தாவது மாதத்தில் இருந்தார், இதய மருத்துவரும் அனுமதித்தார். பயிற்சிக்கு முன் ரத்த அழுத்தம் 160/100-ஐத் தாண்டினால் அன்று பாரம் இல்லை என்று அவர் எல்லை வைத்தார்.

முக்கியப் பயிற்சி நாற்காலிதான். 54 செ.மீ. உயரத்தில் தொடங்கினேன். இடது பாதத்தை ஒரு சாண் முன்னால் தள்ளி, வலது பாதத்தைப் பின்னால் இழுத்து வைத்தால் எழும்போது பாரம் தானாக வலது காலுக்குப் போகும். இதோடு வலது காலால் மட்டும் லெக் பிரஸ், படி ஏறுதல், குதிகால் தூக்குதல், இடது கைக்கும் காலுக்கும் தனியாக.

முதல் இரண்டு வாரம் பாரத்தைக் குறைத்து வைத்துவிட்டேன், அது என் தவறு. வார்ஃபரின், இதயம், பேச்சு வரவில்லை என்று எல்லாம் சேர்ந்து என்னைத் தயங்க வைத்தது. 15 முறை செய்துவிட்டு முகம் மாறாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவரே வலது தொடையைத் தட்டி, "பாரம்" என்று ஒரே சொல் சொன்னார். அன்றிலிருந்து ஒரு விதி: 12 முறை முடித்ததும் இன்னும் இரண்டு மூன்றுதான் முடியும் என்ற நிலை வரவேண்டும். அதற்கு மேல் முடிந்தால் அடுத்த நாள் பாரம் ஏறும், அல்லது நாற்காலி 2 செ.மீ. இறங்கும்.

மூச்சை அடக்கித் தூக்கினால் ரத்த அழுத்தம் திடுமென ஏறும், இவருக்கு அது ஆபத்து. சத்தமாக எண்ணச் சொன்னேன், எண்ணும்போது மூச்சை அடக்க முடியாது. மனைவி பெயரைச் சொல்லத் திணறும் மனிதர் ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்து வரை தடையில்லாமல் எண்ணினார். பேச்சு போனவர்களுக்கும் எண் வரிசை, கிழமைகள் மாதிரி பழகிப்போன தொடர்கள் பல நேரம் மிஞ்சியிருக்கும், அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த அம்மாவுக்குத் தெரியாது. சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அன்று மூன்று சுற்றையும் அவர் கணவர் எண்ணித்தான் முடித்தார்.

ஒன்பதாவது வாரம் ஒரு முறை விழுந்தார், நடக்கும்போது அல்ல, திரும்பும்போது. தலையில் படவில்லை என்றாலும் வார்ஃபரினில் இருப்பவர் என்பதால் ஸ்கேன் எடுத்தோம், கசிவு இல்லை. வலு ஏற ஏறத் துணிச்சலும் ஏறுகிறது, சமநிலை பின்தங்கி நிற்கிறது. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் பத்து நிமிடம் திரும்பும் பயிற்சி சேர்ந்தது, வலுப் பக்கம் சாய்ந்து அதைத் தள்ளிப்போட்டிருந்தேன்.

16 வாரம் கழித்து எடை 66.5 கிலோ. கெண்டைக்கால் இடது 33, வலது 32. கைப்பிடி இடது 29, வலது 9. நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழ 16.5 விநாடி, கை ஊன்றாமல். நடை வேகம் 0.71. இரண்டு மெஷின்களில் இடது 36, வலது 30. முழங்கை, கணுக்கால் இறுக்கம் தொடக்கத்தில் இருந்த அளவிலேயே நின்றது, கூடவில்லை.

இதில் எவ்வளவு பயிற்சியால், எவ்வளவு புரதத்தால், எவ்வளவு மூளை தானாக மீண்டதால் என்று ஒரே நோயாளியை வைத்துப் பிரிக்க முடியாது. இடது கைப்பிடி 22-இலிருந்து 29 ஆனதை மட்டும் நான் தனியாகப் பார்க்கிறேன். அந்தக் கையைப் பக்கவாதம் நேரடியாகத் தொடவில்லை, மூளை மீட்சிக்கு அங்கே வேலை குறைவு. அது பெரும்பாலும் சாப்பாடும் பாரமும் கொடுத்தது.

வலது கை விரல்கள் விரியவில்லை. பிடிக்கிறார், விட முடியவில்லை. வலுப்பயிற்சி அதற்கு உதவும் என்று நான் அவர்களிடம் சொல்லவுமில்லை, அது தனி சிகிச்சையாக நடக்கிறது. கிரியேட்டினைத் திரும்பத் தொடங்கலாமா என்று மகன் கேட்டார். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு நாளுக்கு 3 முதல் 5 கிராம் என்பது பாதுகாப்பாகவே பார்க்கப்படுகிறது, எனக்கு அதன் மேல் கோபமில்லை. ஆனால் இந்த வயதில், இத்தனை மருந்துகளோடு, கிரியேட்டினினை அடிக்கடி பார்த்தாக வேண்டும், அந்த எண் குழம்பக்கூடாது என்று மருத்துவர் வேண்டாம் என்றார். பக்கவாதத்தில் அது பலன் தரும் என்பதற்குத் திடமான ஆதாரமும் இல்லை. மகன் சரி என்று ஒப்புக்கொண்டார். டப்பாவின் பெயர்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி மருந்துக் கோப்பின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்.

இப்போது நாற்காலி 42 செ.மீ.-க்கு வந்துவிட்டது, உடம்பில் 4 கிலோ எடைச்சட்டை. மாடிப்படி ஏறுகிறார். இறங்கும்போதுதான் வலது முட்டி பின்னால் பூட்டிக்கொள்கிறது, தொடையின் பின்தசைக்கும் மெதுவாக இறங்கும் கட்டுப்பாட்டுக்கும் இன்னும் வேலை இருக்கிறது. இந்த மாதம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம், 10 செ.மீ. படியில், கைப்பிடி பிடித்து, எண்ணிக்கொண்டே.